தும்மல் தொப்பி

சாப்பிட உட்கார்ந்தால் இவாமி கென்சாகுவுக்கு வலது கால் ஆடும். ஏதோ லேசாக அல்ல, தையல் மிஷின் ஓடுகிற மாதிரி. கோடைக்காலத்தில் அது அவரோடு போயிற்று. குளிர் தொடங்கி, ரஜாய் போர்த்திய கொதாட்சு மேசையை நடு அறையில் போட்டு, அதன் அடியில் இருக்கிற சூட்டுக்குள் இருவரும் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டால்தான் வினை. மேசை அதிரும். மேலே இருக்கிற ஆரஞ்சுப் பழங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு விளிம்பை நோக்கி நகரும். மிசோ சூப்பில் அலையடிக்கும். எதிரே உட்கார்ந்து செய்தித்தாளில் எண்புதிர் போடும் மனைவி சடாயோவின் பென்சில் வழுக்கி, ஒன்று ஏழாகிவிடும்.

தரித்திர ஆட்டம் என்று அந்தப் பக்கத்தில் இதற்குப் பெயர். ஆட்டுகிறவன் வீட்டில் காசு தங்காது என்பார்கள். சடாயோவின் கவலை காசு அல்ல, சூப். கொதிக்கக் கொதிக்க ஊற்றிய சூப் ரஜாயில் சிந்தி, அதைக் கழற்றித் துவைத்து, ஒசாகாவின் ஜனவரி வெயிலில் காயப்போட்டு எடுப்பது யார் வேலை? கென்சாகு போல்ட்டு செய்யும் கம்பெனியில் பிரிவுத் தலைவர். காலையில் போனால் விளக்கு வைத்தபின் வருவார். சடாயோ மதியம் வரை சூப்பர் மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு போண்டா பொரித்துப் பெட்டியில் அடுக்கிவிட்டு வருவாள். மிச்ச நாள் பூராவும் அவளும் ரஜாயும்தான்.

அவள் செய்யாத வைத்தியம் இல்லை. முழங்காலில் தட்டிப் பார்த்தாள். காலின்மேல் தடிப் புத்தகங்களை அடுக்கிப் பார்த்தாள். சொல்லியும் பார்த்தாள்.

"ஏங்க, ஆடுது."

"அட, ஆமா."

கென்சாகு குனிந்து தன் காலைப் பார்ப்பார், யாரோ வீட்டு நாய் உள்ளே வந்துவிட்ட மாதிரி. கால் நிற்கும். அவர் செய்தியைப் பார்க்கத் திரும்பினால் அதுவும் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

ஒருநாள் போண்டாவுக்கு மாவு பிரட்டும்போது பக்கத்தில் நின்றவள் அடுக்காகத் தும்மினாள். மாவு மூக்கில் ஏறிவிட்டது. கையில் இருந்த வேலை அத்தனையும் நின்றுபோயிற்று. சடாயோ கரண்டியோடு அப்படியே நின்றாள். காலாட்டுகிறவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை, எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் எல்லாக் கஷ்டமும். அந்தக் கஷ்டத்தை அப்படியே திருப்பி அவர் மூக்குக்கே அனுப்பிவிட்டால்?

அந்த வாரமே செய்து முடித்தாள். மருந்துக் கடையில் விற்கும் முழங்கால் பட்டை ஒன்று. அதிலிருந்து ஒரு தூண்டில் நரம்பு புறப்பட்டு, இடுப்பு பெல்ட்டிலும் சட்டைக் காலரிலும் தைத்த திரைச்சீலை வளையங்கள் வழியாக ஏறி, மலையேறப் போகும்போது போடுகிற பழைய தொப்பிக்குப் போகும். தொப்பியின் முன்பக்கம் ஒரு சுருள்கம்பி. கம்பியின் நுனியில், இறகுத் துடைப்பத்திலிருந்து பிடுங்கிய ஓர் இறகு, சரியாக மூக்குக்கு நேரே. கால் ஆடினால் நரம்பு இழுக்கும், இறகு மூக்கை வருடும். அவ்வளவுதான்.

கென்சாகு எதைப் போட்டுவிட்டாலும் போட்டுக்கொள்கிற மனிதர். "தொப்பி கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. முதல் நாள் சோற்றுக்கும் சூப்புக்கும் நடுவில் தும்மித் தும்மிக் கண்ணெல்லாம் சிவந்துபோனார். இரண்டாம் நாள் பாதியாகக் குறைந்தது. வாரம் முடிவதற்குள் சூப் கிண்ணத்தில் அலையே இல்லை. ஆரஞ்சுப் பழங்கள் வைத்த இடத்தில் இருந்தன. சடாயோ எண்புதிரை ஒரு அடித்தல் இல்லாமல் முடித்துவிட்டு, கணவரை நிமிர்ந்து பார்த்தாள். தொப்பியும் இறகுமாக நேராக உட்கார்ந்து, கவனமாக மென்றுகொண்டிருந்தார்.

சுருள்கம்பி மட்டும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தளர்ந்துபோனது. நல்ல கம்பி வாங்க, கூரை போட்ட கடைத்தெருவின் கோடியில் இருக்கும் குனிசாதாவின் இரும்புக் கடைக்குப் போனாள். எதற்கு என்று அவர் கேட்டார். சொன்னாள். குனிசாதா முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பெயின்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இவாமி சான், இதை நீங்க ஞாயித்துக்கிழமை கண்டிப்பா கொண்டாரணும். நம்ம சங்கத்துப் போட்டி. ஊறுகாய்க் கடை மாடியில."

"என்ன சங்கம்?"

"அன்றாடத் தொல்லை நிவாரணக் கருவிச் சங்கம். நான்தான் செயலாளர். தலைவர் பேராசிரியர் உஷியோ, காலேஜ்ல இன்ஜினியரிங் சொல்லிக் குடுத்தவரு."

"கம்பி ஏன் தளருதுன்னு அவருகிட்ட கேக்கலாமா?"

"கேளுங்க, கேளுங்க. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. கால் இல்லாம எப்படி?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் குனிசாதா.

ஞாயிற்றுக்கிழமை சடாயோ நல்ல சாம்பல் நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டாள். கென்சாகுவை ஆபீஸ் சூட்டும் டையுமாகக் கிளப்பினாள். பேராசிரியர் இருக்கிற இடம் அல்லவா. தொப்பியைப் பட்டுத்துணியில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டாள்.

மாடி முழுக்க ஊறுகாய் வாசனை. மடக்கு நாற்காலிகளில் கடைத்தெருக்காரர்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து வறுத்த கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். சடாயோ எதிர்பார்த்தது வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களை. ஒருவரும் அப்படி இல்லை. பேராசிரியர் உஷியோ, மெலிந்த கழுத்தில் சிவப்பு மஃப்ளர் சுற்றி, முன்வரிசையில் ஒரு மணியோடு உட்கார்ந்திருந்தார்.

முதலில் பல் டாக்டர் ஒருத்தி வந்தாள். ராத்திரியில் எழுந்து போய் எதையாவது தின்கிற தன் தம்பிக்காக ஃபிரிட்ஜுக்கு ஒரு கைப்பிடி செய்திருந்தாள். இழுத்துத் திறந்தால் உள்ளேயிருந்து ஒரு கூட்டமே கைதட்டி ஆரவாரம் செய்யும் சத்தம். வெட்கப்பட்டு மூடிவிடுவான் என்று பார்த்தால், பாராட்டுக் கேட்கவே அடிக்கடி திறக்கிறான், எடை கூடிவிட்டது என்றாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பேராசிரியர் மணியை அடித்து, "அபாரம்!" என்றார்.

சடாயோவுக்கு ஒன்றும் புரியவில்லை. தோற்றுப்போன சாமானுக்கு எதற்கு அபாரம்?

அடுத்து ஒதாகுரோ என்ற கண்ணாடிக்காரர். வீட்டுக்குள் வருகிறவர்கள் கழற்றிவிட்ட செருப்பை வாசலைப் பார்க்கத் திருப்பி வைக்காமலே போய்விடுகிறார்கள் என்று, வாசற்படியில் பதிக்கிற சுழல்தட்டு ஒன்று செய்திருந்தார். அதன்மேல் செருப்பை விட்டுவிட்டு உள்ளே ஏறினால், தட்டு தானாகவே அரைவட்டம் சுற்றும். அழகாகச் சுற்றியது. சடாயோ கைதட்டப் போனாள். ஆனால் கூட்டத்தில் ஒருமாதிரி முணுமுணுப்பு.

"இதை வீட்டுல யாராவது உபயோகப்படுத்துறாங்களா?" என்று பேராசிரியர் சந்தேகத்தோடு கேட்டார்.

ஒதாகுரோ தலையைக் குனிந்துகொண்டார். "...என் சம்சாரம். தினமும்."

"ஐயோ!" என்றது கூட்டம்.

"பக்கத்து வீட்டுக்காரங்களும் ஒண்ணு கேக்கறாங்க" என்றார் ஒதாகுரோ, குற்றத்தை முழுசாக ஒப்புக்கொள்கிறவர் போல.

"பிரயோஜனப்படுதே, ஒதாகுரோ சான்! நம்ம சட்டம் தெரியும்ல. பிரயோஜனம் இருந்தா வெளியே." பேராசிரியர் மணியை இரண்டு தடவை அடித்தார். ஒதாகுரோ சுழல்தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

சடாயோ கணவர் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள். "ஏங்க, நல்லா வேலை செஞ்சா வெளிய அனுப்பறாங்களே, இது என்ன கூத்து?"

"எனக்கும் புரியல. கடலை கேக்கலாமா?" என்றார் கென்சாகு.

அவள் பதில் சொல்வதற்குள் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடையில் கென்சாகு நாற்காலியில் உட்கார்ந்தார். சடாயோ பட்டையைக் கட்டி, நரம்பை வளையங்களில் கோத்து, டைக்குமேல் சரிசெய்து, தொப்பியை மாட்டி, இறகை மூக்குக்கு நேராக நிறுத்தினாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே சபை சிரிக்கத் தொடங்கிவிட்டது. அவள் சத்தமாகச் சொன்னாள், "என் வீட்டுக்காரருக்கு தரித்திர ஆட்டம். சூப் கொட்டிடுது. அதுக்குத்தான் இது. ஆட்டினா தும்மல் வரும். தும்மினா ஆட்டம் நின்னுடும்." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சிரிப்பு. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ரஜாய் துவைக்கிறவளைக் கேட்டுப் பார்க்கட்டும்.

"வேலை செய்யுதாம்மா?" என்றார் பேராசிரியர்.

"ரொம்ப நல்லா செய்யுதுங்க. இப்பல்லாம் ஒரு சொட்டுகூடச் சிந்தறதில்ல."

சிரிப்பு சட்டென்று அடங்கிற்று. ஒதாகுரோவுக்கு நடந்ததுதான் இவளுக்கும் என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. குனிசாதா கவலையோடு பேராசிரியரைப் பார்த்தார்.

"செஞ்சு காட்டுங்க, பாப்போம்" என்றார் பேராசிரியர்.

எல்லோரும் கென்சாகுவின் வலது காலைப் பார்த்தார்கள். கால் ஆடவில்லை.

"சாப்பாடு இருந்தாதான் வரும்" என்றாள் சடாயோ. கீழேயிருந்து சோறும் முள்ளங்கி ஊறுகாயும் வந்தன. கென்சாகு சாப்பிட்டார். கால் கல்லாக இருந்தது. டீ வந்தது. குடித்தார். ஒருவர் வானொலியில் ரக்பி ஆட்டத்தைப் போட்டார். ஒசாகா அணி தோற்றுக்கொண்டிருந்தது. கூட்டத்தில் பாதிப் பேரின் கால் ஆடியது, கென்சாகுவின் கால் மட்டும் ஆடவில்லை.

"ஏங்க, ஆட்டுங்களேன்!" என்றாள் சடாயோ பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் எங்க ஆட்டறேன்? அதுவா ஆடறதுதானே."

"ஆட்டித் தொலைங்க!"

அவர் மனைவி சொன்னதைத் தட்டாதவர். பலம்கொண்ட மட்டும் ஆட்டினார். பழக்கமில்லாத ஆட்டம். நரம்பு தாறுமாறாக இழுபட்டது. இறகு அவர் மூக்கை விட்டுவிட்டு வலப்பக்கம் பாய்ந்து, மேடையேறி வந்து பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியர் உஷியோவின் மூக்குத் துவாரத்தில் நுழைந்தது. பேராசிரியர் தும்மினார். மஃப்ளர் அவிழ்ந்தது. மறுபடி தும்மினார், மணி கீழே உருண்டது. மடக்கு நாற்காலிகள் சரிகிற அளவுக்குச் சிரிப்பு.

"வீட்டுல வேலை செய்யுதுங்க! சத்தியமா வீட்டுல வேலை செய்யுது!" என்று சடாயோ கத்தினாள். அதைக் கேட்டு இன்னும் சிரித்தார்கள்.

முதல் பரிசு அவளுக்குத்தான். காய்கறிக் கடைக்காரர் தந்த ஒரு மூட்டை வெங்காயம். "சங்கம் தொடங்கினதுலேருந்து இவ்வளவு அக்கறையா செஞ்ச, இவ்வளவு உதவாத கருவியை நான் பாத்ததில்ல" என்று பேராசிரியர் மூக்கைத் துடைத்தபடி குனிந்து வணங்கினார். பதிலுக்கு அவளும் குனிந்தாள். பாராட்டுகிறாரா, திட்டுகிறாரா என்று குனிந்த தலையை நிமிர்த்தும்வரை தெரியவில்லை. நிமிர்த்திய பிறகும் தெரியவில்லை. கம்பியைப் பற்றிக் கேட்க மறந்தே போனாள்.

டிராமில் திரும்பினார்கள். கென்சாகு வெங்காய மூட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். சடாயோ அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். டிராம் குலுங்கியதே தவிர கால் ஆடவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் காலை வீட்டுக்கு வெளியே அவள் உற்றுப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"மேடையில பயமா இருந்துச்சா?"

"இல்லையே. ஊறுகாய் நல்லா இருந்துச்சு."

அந்த வாரம் கென்சாகுவின் கீழ் வேலை பார்க்கும் ஹமாசாகி, ஆபீஸ் முடிந்து அவரோடு வீட்டுக்கு வந்தான். முள்ளங்கியும் முட்டையும் மீன் உருண்டையும் போட்டு ஒதென் கொதித்தது. வெங்காயமும் போட்டாள், மூட்டை தீரவேண்டுமே. இரண்டு கோப்பை சாகே உள்ளே போனதும் ஹமாசாகியின் நாக்கு தளர்ந்தது. போட்டிக் கதையைக் கேட்டுச் சிரிப்பான் என்று பார்த்தால், அவன் முழித்தான்.

"பிரிவுத் தலைவருக்குக் கால் ஆடுமா? நம்ம தலைவருக்கா?"

"பின்ன யாருக்கு?"

"அண்ணி, ஆபீஸ்ல இவருக்கு என்ன பேர் தெரியுமா? மன்னிக்கணும், நான் வெக்கல. கல் ஜிசோன்னு பேரு. ரோட்டோரத்துல கல்லுல செஞ்ச ஜிசோ சாமி உக்காந்திருக்கும்ல, அந்த மாதிரி. மீட்டிங்ல மேனேஜர் கிழிகிழின்னு கிழிப்பாரு. எங்களுக்கெல்லாம் தொடை நடுங்கும். இவரு ஒரு விரல்கூட அசைக்க மாட்டாரு."

கென்சாகு வெட்கத்தோடு மீன் உருண்டையை இரண்டாக வெட்டினார். சடாயோ மெல்ல ரஜாயைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். ஹமாசாகியின் கால் ஆடிக்கொண்டிருந்தது. கணவரின் கால் அசையவில்லை.

ஹமாசாகி குனிந்து குனிந்து விடைபெற்றுப் போனான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கென்சாகு திரும்பி வந்து காலை ரஜாய்க்குள் நுழைத்து, "அப்பாடா" என்றார். மேசை அதிரத் தொடங்கியது.

"ஏங்க, ஆடுது."

"ஐயோ. தொப்பியை எடுத்துட்டு வரட்டுமா?"

"தொப்பி கெடக்கட்டும். ஆபீஸ்ல ஏன் ஆட மாட்டேங்குது?"

"ஆபீஸ்ல எப்படி ஆடும்? அது ஆபீஸ் ஆச்சே."

"அப்ப அங்க அடக்கிட்டு உக்காந்திருக்கீங்களா?"

கென்சாகு யோசித்தார். அவரை இப்படி யாரும் எதையும் கேட்டதில்லை. "அடக்கறேன்னு எனக்கே தெரியாதே. டிராமை விட்டு எறங்கி, படியேறி வந்து, ஷூவைக் கழட்டினா என்னமோ ஒரு பாரத்தைக் கீழ எறக்கி வெச்ச மாதிரி இருக்கும். அதுக்கப்புறம் கால் என்ன பண்ணுதுன்னு நான் பாக்கறதில்ல."

"அதாவது என்னைப் பாத்ததும் ஆடுது."

"உன்னைப் பாத்து இல்ல." காலிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தபடி, "உன்னைப் பாத்துதான். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"திட்டறீங்களா?"

"இல்லையே!"

சடாயோ சூப் கிண்ணத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள். "அந்தத் தொப்பி போட்டிருந்தப்ப எப்படி இருந்துச்சு?"

"நல்லாதான் இருந்துச்சு" என்றார் கென்சாகு உடனே. பிறகு, பொய் சொல்லி வழக்கமில்லாததால், "ஓவர்டைம் மாதிரி இருந்துச்சு" என்றார்.

சடாயோ எழுந்து போனாள். பாத்திரம் தேய்க்கும்போது ஒரு தட்டை இரண்டு தடவை தேய்த்தாள். ஜெயித்துவிட்டதாக அவள் நினைத்திருந்த அந்த அமைதியான வாரம் முழுக்க, தன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டது கல் ஜிசோதானா? அப்படியென்றால் தன்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்துகிற மனிதரை ஊரில் வேறு யாருக்குமே தெரியாது. இது பெருமையா, தலையெழுத்தா என்று அவளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

மறு ஞாயிறு மதியம் வாசலில் மூன்று பேர் நின்றார்கள். பேராசிரியர் உஷியோ, குனிசாதா, அவர்களுக்குப் பின்னால் முகம் இறுகிய ஒதாகுரோ.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று குனிசாதா கையைப் பிசைந்தார். "ஒதாகுரோ சான் ஒரு ஆட்சேபணை குடுத்திருக்காரு. கருவி வீட்டுல வேலை செய்யுதுன்னு நீங்களே மேடையில சொன்னீங்களாம். வேலை செஞ்சா பிரயோஜனம். பிரயோஜனம்னா பரிசு கெடையாது. அதான் பாத்துட்டுப் போலாம்னு..."

"எனக்கு ஒரு நியாயம், இவங்களுக்கு ஒரு நியாயமா?" என்றார் ஒதாகுரோ. "சும்மா வெச்ச செருப்பு திரும்பினதுக்கு என்னை வெளிய அனுப்பிச்சீங்க."

வந்தவர்களைக் கொதாட்சுவில் உட்காரவைத்து டீயும் ஆரஞ்சும் வைத்தாள். கென்சாகு, கேட்காமலே போய், தொப்பியை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மூன்று பேரும் ரஜாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலைக் கவனித்தார்கள். சூடெல்லாம் வெளியே போயிற்று. கால் ஆடவில்லை. சடாயோவுக்கு முன்பே தெரியும், விருந்தாளி இருக்கும்வரை ஆடாது என்று.

"நாங்க போய் வெளிய நிக்கவா?" என்றார் குனிசாதா.

"வெளிய நின்னா எப்படிப் பாக்கறது?" என்றார் பேராசிரியர். அவருக்கு இது சுவாரசியமாகப் போய்விட்டது. "பாத்தா ஆடாது. பாக்காட்டி தெரியாது. இவாமி சான், நீங்கதான் சொல்லணும். நீங்க சொன்னா நாங்க ஒத்துக்கறோம். வேலை செய்யுதா இல்லையா?"

போன ஞாயிறு இதே கேள்விக்கு அவள் தொண்டை கிழியப் பதில் சொன்னாள். இப்போது முதலில் கணவரைப் பார்த்தாள். ஆபீஸில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார் போலிருக்கிறது, கையை மடியில் வைத்து, முதுகை நிமிர்த்தி, கண்ணைக்கூட அசைக்காமல். மூக்குக்கு நேரே இறகு.

"வேலை செய்யுது" என்றாள்.

ஒதாகுரோ மூச்சை விட்டார். குனிசாதா கண்ணை மூடிக்கொண்டார்.

"கால் நின்னுடும், அது நிஜம்" என்று சடாயோ மெதுவாகச் சொன்னாள். "ஆனா அதனால ஒரு பிரயோஜனமும் இல்லீங்க. கால் நின்னா இவரும் நின்னுடறாரு. அப்புறம் இங்க யாரும் வீட்டுக்கு வந்த மாதிரி இல்ல. எனக்கு இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வேலை செய்யுது, வேண்டாம்."

அவளே தான் சொன்னதைக் கேட்டுத் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். கென்சாகு மெல்லத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் காது மடல் சிவந்திருந்தது.

பேராசிரியர் எழுந்து நின்றுவிட்டார். "குனிசாதா, கேட்டீங்களா? வேலை செய்யுது, பிரயோஜனமில்ல! நம்ம சங்கத்துக்கு என்ன கொள்கைன்னு கேக்கறவங்களுக்கு எத்தனை வருஷமா பதில் சொல்லத் தெரியாம முழிக்கறோம்! வேலை செய்யாதது குப்பை, அதை யாரும் செய்யலாம். வேலை செஞ்சும் பிரயோஜனமில்லாம இருக்கணும். அதான் கஷ்டம்!"

"நான் கொள்கை எதுவும் சொல்லலீங்க" என்றாள் சடாயோ.

"அதான் இன்னும் விசேஷம்!"

ஒதாகுரோ நெற்றி மேசையில் படும்படி குனிந்தார். "தோத்துட்டேன். என் தட்டு இந்த ஜென்மத்துல இந்த எடத்துக்கு வராது. நேத்து போஸ்ட்மேன்கூட நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போறான்."

அவரைத் தேற்றுவது தன் வேலையா என்று சடாயோவுக்குச் சந்தேகமாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பை வெங்காயம் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் போனபிறகு ரஜாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். மேசை கொஞ்சம் கொஞ்சமாகச் சூடானது. சடாயோவின் மனசில் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இவர் பழக்கத்துக்கு நான் இத்தனை பாடுபட்டேனே, என் பழக்கம் ஒன்றாவது இவருக்குத் தொல்லையாக இருக்காதா?

"ஏங்க, எங்கிட்ட உங்களுக்குப் பிடிக்காத பழக்கம் ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்லையே."

"சும்மா சொல்லுங்க."

"அப்படி ஒண்ணும்..." கென்சாகு ஆரஞ்சை உரித்தார். உரித்து முடித்தார். "நான் குளிச்சிட்டிருக்கறப்ப நீ கதவுக்கு வெளிய நின்னு பேசுவேல்ல, அதுதான். தண்ணி சத்தத்துல ஒண்ணுமே காதுல விழாது."

"விழாதா? நீங்கதான் 'ஆமா, ஆமா'ன்னு பதில் சொல்லுவீங்களே!"

"நீ ஏதோ கேக்கறேன்னு தெரியும். என்ன கேக்கறேன்னு தெரியாது. இல்லன்னு சொன்னா கோச்சுக்குவே. அதான் ஆமான்னு சொல்லிடுவேன்."

சடாயோ வாயில் வைத்த சுளையை மென்று விழுங்க மறந்தாள். வீட்டில் பெரிய விஷயம் எல்லாவற்றையும் அவள் கேட்டது அங்கே நின்றுதான். அவர் நிம்மதியாக இருக்கிற நேரம் அதுதானே என்று.

"எங்கம்மா நம்மகூட வந்து ரெண்டு வருஷம் இருந்தாங்களே. நீங்க சந்தோஷமா ஒத்துக்கிட்டீங்கன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கேனே!"

"அன்னிக்குத் தலைக்கு ஷாம்பு போட்டிருந்தேன்" என்றார் கென்சாகு. "பாத்தா, ஒரு வாரத்துல பெட்டியோட வந்து நிக்கறாங்க. ஆனா நல்லவங்க, பாவம்."

"நாராவுலேருந்து இந்த வீட்டுக்குக் குடி வந்தது?"

"அதை எங்கிட்ட கேட்டியா?" என்று அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நீயா முடிவு பண்ணிட்டேன்னுதான் இத்தனை நாள் நெனச்சிட்டிருந்தேன்."

சடாயோ அவரையே பார்த்தாள். கேட்கவேண்டியவை வரிசையாக மனசில் வந்து நின்றன. ஒவ்வொன்றையும் நினைக்க நினைக்கப் பயமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. எதை முதலில் கேட்பது என்று தெரியாமல் அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"என்ன?" என்றார் கென்சாகு. "கேளு, இப்ப நல்லா காது கேக்குது."